அங்கிள் என்னைத் திட்டாத காலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு,

எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் எந்த அறையில் யார் எத்தனை மணிக்கு மாத்திரை சாப்பிட்டார்கள் என்று கட்டம் போட்ட தாளில் குறிப்பதற்குத்தான். ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றின் வால் வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மேட்ரன் விடவில்லை. "புதுப் பிள்ளைங்ககிட்ட வந்து ஒரு மணி நேரம் பேசு" என்றார். முடியாது என்று சொன்னேன். பத்துப் பேர் உட்கார்ந்து என்னையே பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைத்துவிடும். "அப்ப எழுதிக் குடு" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை சிம்பாங் பூலாயில் என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

உங்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். போன மாதம் ஈப்போவுக்கு வந்தபோது நான் முன்பு வேலை பார்த்த முதியோர் ஹோமுக்குள் எட்டிப் பார்த்தேன். துணி அறையில், மடித்து வைத்த போர்வைகளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். வெளியே டெலிபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எடுக்கலையாம்மா?"

"முடியாது ஆன்ட்டி. இங்கிலீஷ்ல கேப்பாங்க. நான் எஸ்.பி.எம். பரீட்சை வரைக்கும் படிச்சவ. எழுதச் சொன்னா எழுதிருவேன். வாயைத் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. நீங்க ஆறாம் வகுப்புதானாமே? அந்தப் போன்ல எப்படி ஆன்ட்டி அப்படிப் பேசுனீங்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தப் போனைத் தொடவே கூடாது என்று எனக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது அவளுக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தெலுக் இந்தான் போகிற வழியில் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், அதற்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்தார்கள், நாங்கள் வெளியே வந்தோம். பால்வெட்டுக் கத்தியைத் தவிர வேறு எதுவும் பிடிக்கத் தெரியாத நான், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஈப்போவில் நம் முதியோர் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண்ணைத் துடைப்பது எதற்கும் நான் பயந்ததில்லை. பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வரவேற்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாம்பல் நிற டெலிபோன்.

ஒரு நாள் நர்ஸ் மாடியில் இருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் மளமளவென்று பேசினாள். எனக்குப் புரிந்தது இரண்டே இரண்டு. எங்கள் ஹோமில் இருந்த ஒரு சீன ஆன்ட்டியின் பெயர், அப்புறம் 'டுமாரோ'. மற்ற எல்லாவற்றுக்கும் "யெஸ் சிஸ்டர், யெஸ் சிஸ்டர், தேங்க் யூ சிஸ்டர்" என்றேன். போனை வைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அந்த ஆன்ட்டிக்கு ஆசையாகக் கஞ்சி ஊட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறாரே, தெம்பாகப் போகட்டும் என்று இரண்டு கரண்டி கூடவே ஊட்டினேன். அவருக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய நாள் அது. எதுவும் சாப்பிடாமல் வரவேண்டும் என்பதைத்தான் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகள் லீவு போட்டு வந்திருந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேட்ரன் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"என்னா சொன்னே அந்த நர்ஸ்கிட்ட?"

"யெஸ்னு சொன்னேன் மேட்ரன்."

"எதுக்கு யெஸ்?"

"தெரியல மேட்ரன்."

"தெரியாம எதுக்கு யெஸ் சொன்னே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "யெஸ் மேட்ரன்."

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நம் ஆட்கள் செய்கிற தப்பு இது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது கணக்கெழுதும் கிராணி ஏதாவது சொன்னால் 'சரிங்கய்யா' என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பதில். 'என்னங்கய்யா சொன்னீங்க' என்று திருப்பிக் கேட்டால் அது திமிர். அம்மா அப்படித்தான் நின்றாள், நானும் அப்படித்தான் நின்றேன். தோட்டம் போய்விட்டது, கிராணியும் போய்விட்டார், அந்தச் 'சரிங்கய்யா' மட்டும் என் வாய்க்குள்ளேயே இருந்து, இங்கிலீஷ் கேட்டவுடன் 'யெஸ்' என்று வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த மரியாதையில் ஒரு மனுஷியின் முறை போயிற்று.

மறுநாள் போனுக்கு மேலே சுவரில் சிவப்பு மையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அஞ்சலை போன் எடுக்கக் கூடாது. இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் என் பெயரை எனக்குப் படிக்கத் தெரியும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மேட்ரன் செய்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒட்டியிருப்பேன். ஆனால் வாசலைக் கூட்டும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் கூட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தத் தாள் ஒட்டியே ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும், அங்கிள் வந்தார். உங்களுக்கெல்லாம் தெரிந்த அதே அங்கிள்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்தவர், வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே இங்கிலீஷ் பேசியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்ல நினைப்பது அவருக்குள்ளே முழுசாக இருக்கும். வாய்க்கு வரும்போது ஒன்றும் இருக்காது. 'தண்ணீர்' என்று கேட்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரும்.

இரண்டே இரண்டு சொற்கள் மட்டும் அவரிடம் தங்கியிருந்தன. அவை மட்டும் கணீரென்று, சுத்தமாக, ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வரும்.

"ப்ளடி ஃபூல்!"

டீயில் சர்க்கரை இல்லை என்றால் எனக்கு. ஊசி போட்டால் நர்ஸுக்கு. அறைக்குள் வந்த பூனைக்கு ஒரு தடவை. ஜெபம் சொல்ல வந்த பாதிரியாருக்கும் ஒரு தடவை. அங்கிள் கிறிஸ்தவரே இல்லை, பாதிரியார் அறை மாறி வந்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு சீனப் பெண் வருவாள். என் மகள் வயதுகூட இருக்காது. அவள் வராத நாட்களில் பயிற்சியை யார் செய்வது? அங்கிள் அறை என் பொறுப்பு. ஆகவே நான். என்னோடு மலாயில்தான் பேசுவாள். அங்கிளுக்கு ஏன் அந்தத் திட்டு மட்டும் வருகிறது என்று அவளிடம் கேட்டேன். ஆயிரம் தடவை சொல்லிப் பழகியது தனித்தனிச் சொல்லாக இருக்காது, ஒரே கட்டாக இருக்கும், அதனால் ஒரே இழுப்பில் வந்துவிடும் என்றாள். "அக்கா, நாம இப்ப செய்யப்போறது அவருக்குப் புதுக் கட்டுகள் கட்டுறதுதான்" என்றாள்.

அன்று ராத்திரி பஸ்ஸில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். என்னிடமும் ஒரே ஒரு கட்டுதானே இருக்கிறது, 'யெஸ் சிஸ்டர் தேங்க் யூ சிஸ்டர்'. அங்கிளாவது என்னைவிடப் பரவாயில்லை, அவருடைய கட்டில் கொஞ்சம் வீரம் இருந்தது.

பயிற்சி இதுதான். காலையில் என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள், வெளியே வெயிலா மழையா. மூன்று சங்கதியையும் நான் முதலில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், பிறகு அவர் சொல்ல வேண்டும். ஒரே கதையை மூன்று தடவை. முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. இரண்டாவது தடவை கொஞ்சம் சீக்கிரம். மூன்றாவது, கைப்பேசியில் ஒரு நிமிஷம் வைத்து அது அடிப்பதற்குள். நடுவில் சொல் மறந்துபோனால் நிறுத்தக் கூடாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். நான் தயங்கினாலே அந்தப் பெண் கையை ஆட்டுவாள்: "ஜாங்கான் பெர்ஹெந்தி, அக்கா!" நிறுத்தாதே என்று அர்த்தம்.

அது எனக்குப் புரிந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தியை வைத்தால் கோடு முடிகிற வரைக்கும் ஒரே ஓட்டம்தான். நடுவில் நின்று, சரியாக வெட்டுகிறோமா என்று யோசித்தால் அங்கேதான் மரத்தில் காயம் விழும்.

அங்கிளுக்கு ஒரு நாள் கண்ணாடி வேண்டும். சொல் வரவில்லை. முகமெல்லாம் சிவந்து, கடைசியில் இங்கிலீஷில் "கண்ணுக்கு ஜன்னல்" என்றார். ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு நாள் எனக்குக் காலுறைக்குச் சொல் வரவில்லை. "கால் போடுகிற சட்டை எங்கே அங்கிள்?" என்று கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "ப்ளடி ஃபூல்" என்றார். அப்படி அன்பாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

தங்கச்சிகளே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு வெள்ளைக்காரனிடமோ டாக்டரிடமோ தப்பாகப் பேச வெட்கம் கிடையாது. நம் ஆட்கள் பக்கத்தில் நின்றால்தான் வெட்கம். பசாரில் மீன் விற்கிற சீனத்தி உடைந்த இங்கிலீஷில் ஊரே கேட்கக் கத்துகிறாள், யாரும் சிரிப்பதில்லை. நம்மில் ஒருத்தி வாயைத் திறந்தால் நாமே முதலில் சிரிப்போம். நம் சமையற்கட்டு சரோஜா அக்காவைத் தெரியுமே. நான் துணி மடித்துக்கொண்டே அங்கிள் கதையை முணுமுணுத்தால் வாசலில் நின்று கேட்பார்.

"என்னலா அஞ்சலை, இன்னைக்கு என்னா நியூஸ்? நாளைக்கு என் சாம்பாருக்கும் குட் மார்னிங் சொல்லுவியா?"

எனக்குக் காது மடலெல்லாம் சூடாகும். வாயை மூடிக்கொள்வேன். அங்கிள் அறைக்குள் போனால் மட்டும் திறப்பேன். அங்கே இருந்தது இங்கிலீஷைத் தொலைத்த ஒருவரும், இங்கிலீஷே இல்லாத ஒருத்தியும். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? முதலில் தப்பாகப் பேசுவதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி சும்மா வரவில்லை. முதல் மூன்று நான்கு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. காலையில் ஓட்ஸ், வந்தவர் யாரும் இல்லை, வெளியே வெயில். அதையே திரும்பத் திரும்ப. பஸ்ஸில் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குள் அன்றைய நாளைச் சொல்லி முடிக்கப் பார்ப்பேன். உதடு அசைவதைப் பார்த்து ஒரு மலாய் அம்மா எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பிறகு ஒரு நாள், ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கிளின் மகள் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினாள். அங்கிள் அவளிடம் ஓட்ஸ் கதையைச் சொல்லி முடித்தார். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் முழுசாக. மகள் அந்தப் பக்கம் அழுதாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, அப்பா சரியாகத் தூங்குகிறாரா, நடக்கிறாரா என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். நன்றாகத் தூங்குகிறார், விடிகாலையில் எழுந்துவிடுகிறார், நேற்று தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் நடந்தார், திரும்பி வரும்போது என்னைத் திட்டினார். அவ்வளவும் சொன்னேன்.

அப்புறம் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் முதலில் தமிழில் நினைக்கவில்லை. ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஆனாலும் சுவரில் தாள் இருந்தது. நானும் எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. போன் அடித்தால் வேறு யாரையாவது கூப்பிடப் பழகியிருந்தேன்.

இனிமேல் அந்தக் காலை.

மேட்ரன் தஞ்சோங் மாலிமில். அவர் மகளுக்குப் பட்டமளிப்பு, அதனால் கைப்பேசியை அணைத்துவிட்டு மண்டபத்துக்குள் இருந்தார். நர்ஸ் இன்னொரு பாட்டியை ஏற்றிக்கொண்டு கிளினிக் போயிருந்தார். கீழ்த்தளத்தில் நானும் சரோஜா அக்காவும் மட்டும்.

ஏழு மணிக்கு அங்கிளுக்குக் காலுறை போட்டுவிட்டேன். சுருக்கம் விழுந்திருந்தது. வழக்கம்போலத் திட்டினார். எட்டு மணிக்குச் சரோஜா அக்கா ஓட்ஸ் கொண்டுபோய் வைத்தார். ஒன்பது தாண்டி நான் பயிற்சிக்குப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஓட்ஸ் பாதி அப்படியே இருந்தது. "குட் மார்னிங் அங்கிள், என்ன சாப்பிட்டீங்க?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள் அப்படி இருக்கும். டீயை எடுத்துக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாத டீ. ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார்.

அவர் பத்திரிகையை எடுத்து, அவர் கண்ணெதிரே தலைகீழாகப் பிடித்துக் கையில் கொடுத்தேன். ரயில்வே ஆள், எதுவும் கோணலாக இருந்தால் பொறுக்க மாட்டார். அதற்கு எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தலைகீழான பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அங்கிள் என்னைத் திட்டமாட்டேங்குறாரு."

"நல்லதுதானேலா. இன்னைக்காச்சும் வாய்க்கு லீவு விட்டாரே."

"இல்லக்கா. பேப்பரைத் தலைகீழாக் குடுத்தேன். அப்பயும் திட்டல."

"வயசானவரு, தூக்கக் கலக்கம். முகம் எப்பவும்போலக் கோணலாத்தானே இருக்கு. நீ ஒண்ணு!"

அவர் சொன்னது சரிதான். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, கை எப்போதும் போலத்தான் தொங்கியது. பார்க்கிறவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் அந்த இரண்டு சொல்லில்தான் இருந்தது. முதல் பக்கவாதத்தால்கூடத் தொட முடியாத அந்த இரண்டு சொல்லும் இன்றைக்கு இல்லை.

என் கைப்பேசியில் மேட்ரனுக்கு அடித்தேன், போகவில்லை. நர்ஸுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அதோடு சார்ஜ் தீர்ந்து கைப்பேசியும் அணைந்தது. ஹோமுக்கு வந்து பார்க்கும் டாக்டரின் கிளினிக் எண் மேசைப் போனுக்குப் பக்கத்தில் மட்டும்தான் ஒட்டியிருந்தது. அந்தத் தாளுக்கு நேர் கீழே.

"ஏய், மேட்ரன் எழுதிப் போட்டிருக்காங்கலா" என்றார் சரோஜா அக்கா.

எடுத்தேன்.

கிளினிக் பெண் இங்கிலீஷில்தான் பேசினாள். டாக்டர் நோயாளியோடு இருக்கிறார், பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், ஓகே? என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், 'யெஸ் சிஸ்டர்' என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"நோ" என்றேன்.

இங்கிலீஷில் நான் என் வாழ்நாளில் சொன்ன முதல் 'நோ' அது. சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. பிறகு சொன்னேன், நான் போனை வைக்க மாட்டேன், நீ போய் டாக்டரைக் கூப்பிடு.

டாக்டர் போனில் வந்தார். பொறுமையான மனிதர். அங்கிளுக்குப் பேச்சு வரவில்லை என்றேன். அஞ்சலை, அவருக்கு ஒரு வருஷமாகப் பேச்சு வராதுதானே, இது அவருக்கு வழக்கம், படுக்க வையுங்கள், நர்ஸ் வந்ததும் பிரஷர் பார்க்கட்டும், ஓகே? என்றார்.

இரண்டாவது தடவையும் அந்த ஓகே.

"நோ டாக்டர். வெயிட் ஆ. ஐ டெல் யூ."

மலாயில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மலாய் பஸ்ஸுக்கும் பசாருக்கும் போதும். ஆனால் அங்கிளைப் பற்றி, அவர் பேச்சைப் பற்றி, நேற்று எப்படி இன்றைக்கு எப்படி என்று தினம் தினம் சொல்லிப் பழகியது இங்கிலீஷில்தான். அதுதான் வந்தது.

சொன்னேன். தினமும் அவர் என்னைத் திட்டுவார் டாக்டர். இன்றைக்குத் திட்டவில்லை. டீயில் சர்க்கரை போடவில்லை, திட்டவில்லை. பேப்பரைத் தலைகீழாகக் கொடுத்தேன், திட்டவில்லை. ஒரு இடத்தில் சொல் வரவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். காலமும் இலக்கணமும் எங்கெங்கோ கிடந்திருக்கும். நிறுத்தவில்லை. அவர் நேற்று முடியாமல் இருந்தது வேறு டாக்டர், இன்றைக்கு முடியாமல் இருப்பது வேறு.

டாக்டரின் குரல் மாறியது.

"கடைசியாக எத்தனை மணிக்குத் திட்டினார்?"

"ஏழு மணிக்கு டாக்டர். காலுறைக்கு."

"நிச்சயமாகத் தெரியுமா?"

இந்த இடத்தில்தான், தங்கச்சிகளே, நான் யெஸ் சொன்னேன். தெரிந்து சொன்ன யெஸ்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அந்த ஏழு மணியை எல்லோரிடமும் சொல், நான் ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறேன் என்றார். ஆம்புலன்ஸில் அங்கிளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். இரண்டாவது தடவை சொன்னேன். முதல் தடவையைவிடப் பாதி நேரம்தான் ஆனது. அவர் எழுதிக்கொண்டு ஓடினார். பிறகு வெள்ளைக் கோட்டு போட்ட பெரிய டாக்டர் வந்தார், பின்னால் நான்கைந்து பேர். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை அடைக்க வேண்டிய இடம் அது. அடைக்கவில்லை. மூன்றாவது தடவை. ஒரே மூச்சு. ஏழு மணிக்குப் பேசினார், ஒன்பது மணிக்குப் பேச்சு இல்லை, பழைய பக்கவாதம் இப்படி இருந்தது, இன்றைக்கு இப்படி இருக்கிறது. கைப்பேசியில் வைத்திருந்தால் மணி அடிப்பதற்கு முன்பே முடித்திருப்பேன்.

பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டு, நீங்கள் நர்ஸா என்று கேட்டார்.

"நோ டாக்டர்" என்றேன். அன்றைக்கு எனக்கு நோ நன்றாகவே பழகிவிட்டது.

நேரம் தாண்டாமல் வந்ததால் இரத்தக் கட்டைக் கரைக்கிற மருந்து கொடுக்க முடிந்தது என்று பிறகு சொன்னார்கள். படுக்க வைத்துப் பதினொரு மணி வரைக்கும் பார்த்திருந்தால் என்று பெரிய டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேட்ரன் வந்தார். நேராக மேசைக்குப் போனார். நான் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரு போன் எடுத்தது?"

"நான்தான் மேட்ரன்."

"எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குல்ல?"

"எழுதியிருக்கு மேட்ரன். படிச்சேன். எடுத்தேன்."

மேட்ரன் நகத்தால் அந்தத் தாளின் ஒரு மூலையைக் கிளப்பினார். இத்தனை வருஷத்தில் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது, சுண்ணாம்போடு சேர்ந்து பிய்ந்துவந்தது. அதைக் கசக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த தடவை போன் அடித்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது: "அஞ்சலை, எடு!"

சரோஜா அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் என் தட்டில் ஒரு மீன் துண்டு கூடவே விழுந்தது. "ஏலா, அந்தக் காலையில என்னா சாப்பிட்டேன் கதை இருக்கே, அதை எனக்கும் சொல்லிக்குடு" என்றார். அன்றிலிருந்து அவர் தப்பாகப் பேசுவதற்கு நான்தான் ஆள். இப்போது நீங்கள் கேட்கிறீர்களே, சந்தைக்காரனிடம் அவர் போனில் இங்கிலீஷில் சண்டை போடுவதை, அது அப்படி வந்தது.

அங்கிள் சில வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இளைத்துப்போயிருந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தேன். எல்லோரும் கதவருகே கூடி நின்றார்கள். பத்திரிகையை எடுத்தேன், தலைகீழாகத் திருப்பினேன், அவர் கையில் கொடுத்தேன்.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பத்திரிகையைப் பார்த்தார். உதடு ஒரு தடவை அசைந்தது, ஒன்றும் வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்பதுதானே பயிற்சி.

"ப்ளடி…" என்றார். மூச்சு வாங்கினார். "…ஃபூல்!"

மேட்ரன் கைதட்டினார். சரோஜா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் "யெஸ் அங்கிள்" என்றேன்.

துணி அறையில் அழுத தங்கச்சிக்கு: நாளைக் காலை ஓட்ஸ் நேரத்துக்கு அங்கிள் அறைக்குப் போ. நீ என்ன சாப்பிட்டாய் என்று மூன்று தடவை சொல். தப்பாகச் சொல்.

இவ்வளவுதான் எழுத முடிந்தது, கை வலிக்கிறது. யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அங்கிள் வந்து எத்தனை மாதம் கழித்து இது நடந்தது, டீ முதலா பத்திரிகை முதலா, சுவரில் இருந்த மை சிவப்பா ஊதாவா என்பதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறது. மேட்ரனின் குறிப்பேட்டில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் இதை அப்படியே எடுத்துப்போய் அங்கிளுக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டுங்கள். நான் எங்கே தப்பாக எழுதியிருக்கிறேனோ, அந்த இடத்தில் அவரே உங்களுக்குச் சத்தமாகச் சொல்லிவிடுவார்.